வலது தோளில் இடது கை

சொல்லிவிடப் போகிறேன், இன்றைக்குச் சொல்லியே விடப் போகிறேன், ஆட்டோவில் வரும்போதே மூன்று தடவை ஒத்திகை பார்த்தாயிற்று, சிக்னலில் நின்றபோது வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன், ஆட்டோக்காரர் திரும்பி இன்னாம்மா என்றார், ஒன்றுமில்லைப்பா நீ ஓட்டு என்றேன், அப்போது எவ்வளவு தைரியம், இப்போது இந்த ஃபேஷன் கல்லூரி ஹாலின் முதல் வரிசையில் ஏசிக் காற்று நேராகப் பிடரியில் அடிக்கும்போது ஒத்திகை பார்த்த முதல் வரியே மறந்துபோகிறது, ஆனாலும் உள்ளே ஒரே குதியாட்டம், கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட எனக்கு இப்படி இருந்ததில்லை. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நிற்கிறது. ஐரிஸ் சற்குணம் மேடத்தின் பாக்கு நிறப் பட்டு கவுன். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜனவரியில் பாரிஸில், ஒரே ஒரு உடம்புக்கு அளவெடுத்துக் கையாலேயே தைக்கிற பெரிய பெரிய ஆட்கள் மட்டும் துணி காட்டுகிற ஷோவில், கீழ்ப்பாக்கத்திலிருந்து போய் நின்ற கவுன். இடது கை எல்லாக் கவுனையும் போலத் தொங்கும். வலது கை மட்டும் தோளிலிருந்தே பின்பக்கம் திரும்பியிருக்கும், போட்டுக்கொண்டு நடக்கிறவள் பின்னால் வரும் யாரையோ கையைப் பிடித்துக் கூட்டி வருகிற மாதிரி. ஐரிஸ் கை என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். அந்தக் கையால்தான் மேடம் ஐரிஸ் சற்குணம் ஆனார், அந்தக் கைக்காகத்தான் இந்தக் கூட்டம், இந்தப் பூ அலங்காரம், மேடம் போய் ஏழாவது மாசம் இந்தக் கண்காட்சித் தொடக்கவிழா. அந்தக் கை தப்பு. நான் வெட்டிய தப்பு. முப்பத்தொரு வருஷமாக இது எனக்கு மட்டும் தெரியும்.

தையல் தெரியாதவர்களுக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது. செருப்பு மாதிரிதான், இடது வேறு வலது வேறு, இரண்டையும் கொஞ்சம் முன்பக்கம் சாய்கிற மாதிரி வெட்டுவோம், இடதை எடுத்து வலது தோளில் வைத்தால் அந்தச் சாய்வு பின்பக்கம் போய்விடும். பேப்பரில் ஒரு கைதான் வரைந்து வைத்திருப்போம், துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இரண்டு கையும் தானாக வந்துவிடும். மடிக்க முடியாத துணி என்றால் ஒரு கையை வெட்டிவிட்டு, பேப்பரைக் கவிழ்த்துப் போட்டு அடுத்ததை வெட்ட வேண்டும். கவிழ்க்க மறந்தால் இரண்டும் இடது கை. தொழிலுக்கு வந்த முதல் மாசத்தில் எல்லாரும் ஒரு தடவை செய்வார்கள், ஒரு தடவை திட்டு வாங்குவார்கள், அதோடு சரி. பன்னிரண்டு வருஷம் கத்தரி பிடித்தவள் செய்யலாமா. அதுவும் அந்தத் துணியில். காஞ்சிபுரத்தில் மேடத்துக்கென்றே நெய்தது, கரை கிடையாது, ஜரிகை கிடையாது, ஒரு பக்கம்தான் மினுக்கு, ஆறு மீட்டரோடு சரி, அதற்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் தபாலில் என் பாஸ்போர்ட் வந்திருந்தது. வெட்டுகிற மேஜையின் ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். உள்ளே என் போட்டோ, எண்ணெய் வழிகிற முகம், கீழே குமுதவல்லி என்று இங்கிலீஷில். ஒரு கையை வெட்டுவேன், போட்டோவைப் பார்ப்பேன், சிரிப்பு வரும். எங்கள் சூளை ஏரியாவில் பக்கத்துத் தெருவுக்குப் போவதற்கே என் மாமியாரிடம் கேட்டுவிட்டுப் போகிறவள், பாரிஸுக்குப் போகப் போகிறேன். பேப்பரைக் கவிழ்த்தேனா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் கவிழ்த்தேன் என்று சத்தியமே செய்திருப்பேன். அவ்வளவு சந்தோஷம். இப்போது யோசித்தாலும் அந்தச் சந்தோஷத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

"பதினேழு பாகை," என்கிறார் மேடையில் பேராசிரியை சுபாஷிணி. "நான் ஆறு ஆண்டுகள் இந்தக் கையை அளந்தேன். சரியாகப் பதினேழு பாகை பின்னோக்கிய சாய்வு. பெண்ணுடல் தன் இறந்தகாலத்தைக் கைவிடாமல் முன்னே நடக்கிறது என்று ஐரிஸ் சற்குணம் இந்தப் பதினேழு பாகையில் எழுதினார்." கைதட்டல். அம்மா தாயே, பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே வெட்டினால் பதினெட்டுகூட வரும். சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறேன், பக்கத்தில் ஜமீலா முழங்கையால் இடிக்கிறாள். எங்கள் பட்டறையில் இருபத்தொரு வருஷமாக ஓரம் தைக்கிறவள் அவள், ஓரம் மட்டுமா, ஊர்க் கதை எல்லாம் அவளிடம்தான் தைத்து முடியும். "இன்னா குமுதா, ஒரே நெளியறே? பாத்ரூம் போவணுமா?" "ஒண்ணுமில்ல." "மூஞ்சப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரி இல்லியே." "நீ மேடையப் பாரு." பார்க்கிறாள், நானும் பார்க்கிறேன், பார்த்தால் வயிறு எரிகிறது, அந்தப் பொம்மைக்கு வலது கையை நேராக வைத்துவிட்டார்கள், துணிக் கை பின்னால் போகச் சொல்கிறது, பொம்மை மாட்டேன் என்கிறது, முழங்கைக்கு மேல் மூன்று சுருக்கம் விழுந்திருக்கிறது. நேற்று வந்து பார்த்தபோதே சொன்னேன், வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் தொடாதீங்க ஆன்ட்டி, கை வியர்வை பட்டா பட்டு கெட்டுடும் என்றாள். என் கை வியர்வை. அந்தக் கவுனில் என் வியர்வை படாத ஒரு அங்குலம் இருந்தால் காட்டு என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னால் நம்புவார்களா. நம்பாவிட்டால் அந்தக் கையைத் தோளிலிருந்து பிரித்துக் காட்டலாம், கையின் முன்பக்கத்துக்கு ஒரு வெட்டு, பின்பக்கத்துக்கு இரண்டு வெட்டு என்று அடையாளம் வைத்திருப்போம், வலது தோளில் அது தலைகீழாக இருக்கும், எந்தத் தையல்காரனும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். ஆனால் யார் பிரிக்க விடுவார்கள். நம்பிவிட்டாலோ, அது அதைவிடக் கஷ்டம். என்னென்ன ஆகிவிட்டது அந்தக் கையால். அந்த வருஷமே பாரிஸில் இரண்டு பெரிய டிசைன் கம்பெனிகள் அதைப் போட்டன, மறு வருஷம் மிலான், அப்புறம் டோக்கியோவிலிருந்து நான்கு பேர் வந்து எங்கள் பட்டறை மாடியில் குனிந்து குனிந்து கும்பிட்டார்கள். நம் ஊரில் கேட்கவே வேண்டாம். தி.நகரில் ஐரிஸ் கை வைத்துத் தரப்படும் என்று போர்டு, ரிசப்ஷனில் நிற்கிற பெண்ணெல்லாம் ஐரிஸ் கை, டிவியில் செய்தி வாசிக்கிற பெண்கள் வலது கை பின்னால் போனபடி வெள்ளச் சேதம் வாசித்தார்கள். திருவொற்றியூரில் ஒரு டெய்லர் ஐரிஸ் என்பது புடவைக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தார். என் மருமகள் ஆன்லைனில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள், எப்படி இருக்கு அத்தை என்றாள். தைத்தவன் நேர் வலது கையை வெட்டி வலுக்கட்டாயமாகப் பின்னால் முறுக்கி வைத்திருந்தான், பாவம், அக்குளில் ஒரு பொட்டலம் துணி. எல்லாருமே அப்படித்தான், பாரிஸ்காரன்கூட அப்படித்தான், கோணம் போட்டு, கணக்குப் போட்டு, நூறு விதமாக முறுக்கிப் பார்த்தார்களே தவிர இடது கையை எடுத்து வலது தோளில் வைக்கலாம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, எப்படித் தோன்றும், எவன் வேண்டுமென்று அப்படி வைப்பான். எங்கள் பட்டறையில் அந்தக் கையை மட்டும் நானே வெட்டுவேன், பேப்பரை என் பீரோவில் பூட்டி வைப்பேன், மேடம் ஒரு நாளும் அந்தப் பேப்பரைக் காட்டு என்று கேட்டதில்லை.

மடியில் ஜோயல் கொடுத்த தாள் ஈரமாகிவிட்டது. மேடத்தின் அண்ணன் மகன், இப்போது கம்பெனி அவர் பொறுப்பு, நல்ல பிள்ளை, காலையில் என்னை வாசலில் பார்த்ததும் ஓடிவந்து, "ஆன்ட்டி, அஞ்சே நிமிஷம், இதை அப்படியே பார்த்துப் படிச்சிடுங்க, டென்ஷனே வேண்டாம்," என்று கையில் திணித்தார். மேடத்தோடு என் நாட்கள். மேடம் எங்கள் அனைவருக்கும் ஒரு தாயைப் போன்றவர். தாயாம். பதினாறு வயசிலிருந்து எனக்கு அம்மா இல்லை, அதனால் அம்மா எப்படி இருப்பாள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மேடம் அப்படி இல்லவே இல்லை. ஊசி குத்துகிற மெத்தையைத் தூக்கி எறிவார், ஒரு தடவை என் காதோரம் பறந்து ஜன்னலில் பட்டது. ஒரு பொத்தான் நூலிழை தள்ளியிருந்தால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார். திடீரென்று மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு துண்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குமுதா குமுதா என்று கத்துவார், ஏதோ பாம்பு என்று ஓடினால், பாரு இந்த மடிப்பப் பாரு என்று கண் பளபளக்க நிற்பார், எனக்கும் பற்றிக்கொள்ளும், இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்து அந்த மடிப்போடு மல்லுக்கட்டுவோம். அதற்குத் தாய் என்று பெயர் இல்லை. என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி ஒரு ஆளோடு முப்பத்தொன்பது வருஷம் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் நின்றேன், அதுதான் எனக்கு வாய்த்த பெரிய சந்தோஷம், அந்த ஆளிடமே இவ்வளவு பெரிய பொய்யையும் வைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தாளில் அது ஒரு வரிகூட இல்லை.

பாரிஸில் அன்று காலை அப்படிக் குளிர், விரல் நுனியில் ஊசி குத்தினால் வலி இரண்டு நிமிஷம் கழித்து வருகிறது. பெரிய ஹோட்டலின் பின்கட்டில் எங்களுக்கு ஒரு ஓரம் கொடுத்திருந்தார்கள். கை இரண்டையும் அங்கே போய், ஆள் மேல் வைத்துப் பார்த்துத்தான் பொருத்துவதென்று கொண்டுபோயிருந்தோம். ஆவா என்று ஒரு பெண், செனகல்காரி, என் தலை அவள் தோளுக்குத்தான் வரும், ஸ்டூல் போட்டு ஏறி இடது கையைப் பொருத்தினேன், அழகாக உட்கார்ந்தது. வலது கையை எடுத்தேன். முன்பக்கத்து அடையாளம் பின்னால் வந்தது. திருப்பினேன். மினுக்கு உள்ளே போனது. மறுபடி திருப்பினேன். இரண்டும் இடது கை. துணி இல்லை, நேரம் இல்லை, ஓடிப்போக எனக்கு ஊரும் தெரியாது. என்ன செய்வேன், அப்படியே வைத்துக் குத்திவிட்டேன், ஒரு ஊசி, இரண்டு ஊசி, ஆவாவின் முழங்கை மெதுவாகப் பின்னால் போனது. அப்போது மேடம் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். நான் ஸ்டூலிலிருந்து இறங்காமல் கையில் ஊசியோடு நின்றேன். எவ்வளவு நேரம் பார்த்தார் தெரியாது. ஆவாவிடம் நட என்று கைகாட்டினார், அவள் நடந்தாள், திரும்பி வந்தாள். மேடம் என்னைப் பார்த்து, "ஏன் குமுதா இப்படி வெச்சே?" என்றார். எனக்கு உண்மைதான் வாயில் வந்தது, வந்து பல்லில் நின்றுவிட்டது, அதற்குப் பதில் வேறொன்று வெளியே விழுந்தது: "நல்லாருக்கும்னு தோணிச்சு மேடம்." மேடம் பக்கத்தில் வந்து, தன் கையாலேயே அந்தக் கையைப் பிடித்து, "இன்னும் ஒரு விரல் பின்னாடி போகட்டும்," என்றார். பிரித்துத் தைத்தேன். மத்தியானம் அந்தப் பெரிய ஹாலில் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள், நான் திரைக்குப் பின்னால் நின்று அழுதேன், சந்தோஷத்திலா பயத்திலா என்று இன்று வரை எனக்கே தெரியாது. திரும்பி வரும் விமானத்தில் மேடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டுபிடித்துவிட்டார், ஊருக்குப் போனதும் சீட்டுக் கிழியப் போகிறது என்று பத்து மணி நேரம் நடுங்கிக்கொண்டே வந்தேன்.

கிழியவில்லை. அந்த வருஷமே என்னைக் கட்டிங் மாஸ்டர் ஆக்கினார், எனக்கு மேலே இருந்த இரண்டு ஆம்பளை மாஸ்டர்களையும் தாண்டி. அதற்குப் பிறகு அந்தக் கை எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் ஒரு கதை சொல்வார், கேட்கிற ஆளைப் பார்த்துக் கதை மாறும். பிரெஞ்சுக்காரன் கேட்டால் சோழர் காலத்துச் சிலை. டெல்லிக்காரர்கள் கேட்டால் நாட்டியத்தில் ஒரு அடவு. நம் ஊர்ப் பத்திரிகை என்றால் இருபத்தொன்பது சி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண். மெரினாவில் அலையிலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாகூட உண்டு. எல்லாக் கதைக்கும் நான் பக்கத்தில் ஊசி டப்பாவோடு நிற்பேன், கதை முடியும்போது மேடம் ஒரு தடவை என் பக்கம் பார்ப்பார். ஒரே ஒரு பார்வை, கண் சிமிட்டுகிற நேரம்தான். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. என்ன அர்த்தம் அதற்கு. எனக்கும் தெரியும்டி உன் தில்லுமுல்லு, பார் எப்படிச் சமாளிக்கிறேன் என்று விளையாட்டா. வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டலா. சில நாள் விளையாட்டு என்று தோன்றும், அன்றைக்கெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டுவேன். சில நாள் மிரட்டல் என்று தோன்றும், அன்றைக்கு அளவு இரண்டு தடவை தப்பும். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த ஆறு மீட்டர் பட்டு, அந்த பாரிஸ், அந்தக் கைதட்டல் எல்லாம் ஒரு கவனமில்லாத பெண்ணின் கோளாறு என்று ஆகிவிடும், அதை மேடத்தின் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது. நாளைக்கு, நாளைக்கு என்று போய், போன சித்திரையில் நாளைக்கு என்பதே இல்லாமல் போய்விட்டது.

சவப்பெட்டிக்குள் மேடத்துக்குப் போட்டு வைக்கிற வெள்ளை உடுப்பை நான்தான் வெட்டினேன். ஜோயல் அழுதுகொண்டே, "ஐரிஸ் கை வெச்சிடுங்க ஆன்ட்டி, அத்தைக்கு அதுதான் பொருத்தம்," என்றார். முடியாது என்றேன். என் வாழ்க்கையில் முதலாளி வீட்டாரிடம் முடியாது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். படுத்திருக்கிற ஆளுக்குக் கை சௌகரியமாக இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். வெள்ளைப் பருத்தி, இரண்டு பக்கமும் ஒன்றுதான், மடித்தே வெட்டியிருக்கலாம், ஆனாலும் ஒற்றையாக விரித்துப் போட்டு, இடது கை வெட்டினேன், பேப்பரைக் கவிழ்த்தேன், கவிழ்த்தேனா என்று பார்த்தேன், மறுபடி பார்த்தேன், வலது கை வெட்டினேன். இரண்டு கையும் சரியாக வந்தன. அப்போதுதான் என்னால் அழ முடிந்தது. இதோ இப்போதும் கண் கரிக்கிறது, ஜமீலா பார்க்கிறாள், கைப்பையிலிருந்து ஒரு பாக்குப் பொட்டலம் எடுத்து நீட்டுகிறாள், அவளுக்கு எல்லாத் துக்கத்துக்கும் அதுதான் மருந்து. வேண்டாம் குமுதா, சொல்லாதே. யாருக்கு என்ன லாபம். இந்தப் பிள்ளைகள் எல்லாம் பின்வரிசைவரை நிரம்பி உட்கார்ந்து பதினேழு பாகை என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பெரிய மனுஷி செத்த ஏழாம் மாசம் அவள் பெயரை மேடை ஏறிக் கெடுப்பதா. தாயைப் போன்றவர் என்று படித்துவிட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டு, ஜமீலாவோடு போய் ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்படித்தான் செய்ய வேண்டும். மனசு சட்டென்று சப்பென்று ஆகிவிட்டது.

விளக்கை அணைக்கிறார்கள். பேராசிரியை ஏதோ ஒரு பழைய டிவிப் பேட்டி போடப் போகிறார். திரையில் எங்கள் மாடி, எங்கள் மேஜை, ஐயோ என் மேஜை, இரண்டாயிரத்து ஒன்பது, அப்போதுதான் சுவருக்கு மஞ்சள் அடித்தோம். மேடம் சாம்பல் நிறப் புடவையில். அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் கேமராவுக்குப் பக்கத்தில், வலது கைப்பக்கம், ஊசி டப்பாவோடு. பேட்டி எடுக்கிற பெண், "மேடம், அந்தக் கை எப்படித் தோணிச்சு?" என்கிறாள். மேடம் ஒரு மழைநாள் கதையை ஆரம்பிக்கிறார், இது எந்தக் கதை, இது புதுசு, குடைக்குள் இன்னொருத்தியை இழுத்துக்கொள்கிற ஒரு பெண். சிரிக்கிறார், கையை வீசிக் காட்டுகிறார், ஹாலே சிரிக்கிறது. கதை முடிகிறது. இப்போது பார்ப்பார். பார்க்கிறார், கேமராவின் வலது பக்கம், என்னை. ஆனால் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு நேராக அந்த முகத்தை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லையே, எப்போதும் ஓரக்கண்ணால், டப்பாவைப் பார்த்தபடி, தலையைக் குனிந்தபடி. சிரித்த வாய் அப்படியே இருக்க, கண் மட்டும் மாறுகிறது. கழுத்தில் நரம்பு எழும்புகிறது. மேடம் பயப்படுகிறார். என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். பேராசிரியை அந்த இடத்திலேயே படத்தை நிறுத்திவிட்டுப் பேச்சைத் தொடர்கிறார், பத்தடி உயரத்துக்கு அந்த முகம் திரையில் நிற்கிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என்னைப் பார்த்து அவர் எதற்குப் பயப்பட வேண்டும், நான் என்ன செய்துவிட முடியும், என் தப்புக்கு அவர் ஏன்.

நல்லாருக்கும்னு தோணிச்சு மேடம். அட கடவுளே. அவர் நம்பிவிட்டார். நான் உயிர் தப்பச் சொன்ன பொய்யை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டார். அந்தக் கை குமுதாவின் யோசனை என்று நினைத்துவிட்டார். தன் தையல்காரியின் யோசனையைத் தன் பெயரில் போட்டுக்கொண்டோம் என்று முப்பத்தொரு வருஷம். அதுதான் விமானத்தில் பேச்சில்லை. அதுதான் மாஸ்டர் வேலை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தருவார், எதற்கு மேடம் எனக்கு இத்தனை கடிகாரம் என்றால் வெச்சுக்கோ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்திரிகைக்காரர்கள் என் பக்கம் வந்தால் குமுதா டீ ஆச்சா பாரு என்று உள்ளே அனுப்புவார், நான் எதையாவது உளறிவிடுவேன் என்று பயம், உளறிவிடுவேன் என்று நானும் பயந்து டீ போடப் போனேன். அந்தப் பேப்பரை ஒரு நாளும் காட்டச் சொன்னதில்லை, அது என்னுடையது என்று நினைத்திருக்கிறார். ஒரே மேஜையின் அந்தப் பக்கம் அவர் திருடி என்று தன்னை நினைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் நான் கோளாறு பிடித்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டு, நடுவில் அந்தக் கை கிடந்து உலகத்தையே ஆட்டி வைத்தது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊசி மெத்தை ஒன்று என் தலையில் பறந்திருக்கும், அதோடு அந்த மனுஷி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அழுகையும் சிரிப்பும் ஒரே குழாயில் வருகிறது, ஒருத்தி தப்பாக வெட்டினாள், ஒருத்தி அதைப் பார்த்து இன்னும் ஒரு விரல் என்றாள், அந்த ஒரு விரல் என் ஏழு ஜென்மத்துக்கும் எனக்குத் தோன்றியிருக்காது. அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள என்னிடம் என்ன இருந்தது.

"முப்பத்தொன்பது ஆண்டுகள் ஐரிஸ் மேடத்தின் நிழலாக இருந்த திருமதி குமுதவல்லி அவர்கள்." ஜமீலா என்னைப் பிடித்துத் தள்ளுகிறாள், "எழுந்துரு, உன்னத்தான் கூப்பிடறாங்க." எழுந்துவிட்டேன். தாள் நாற்காலியிலேயே இருக்கட்டும். ஜோயல் கீழேயிருந்து தாள் தாள் என்று சைகை காட்டுகிறார், பார்க்காத மாதிரி போகிறேன். படி ஏழு. மைக் என் உயரத்துக்கு இல்லை, கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். எதிரே இருட்டில் இத்தனை தலை, ஆனால் எனக்கு அவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் திரும்பித் திரையைப் பார்த்து நிற்கிறேன், என் முதுகு சபைக்கு. மரியாதை இல்லாத காரியம்தான். அந்தக் கண் இன்னும் கேமராவுக்குப் பக்கத்தில் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது. "மேடம்," என்கிறேன், குரல் ஹால் முழுக்கப் போகிறது. "அது என் யோசனை இல்ல மேடம். நீங்க என்கிட்டேர்ந்து ஒண்ணும் எடுத்துக்கல. பேப்பரக் கவுத்துப் போட மறந்துட்டேன். ரெண்டுமே எடது கை."

ஏசி ஓடுகிறது. பேராசிரியை ஜோயல் பக்கம் குனிந்து என்ன சொல்கிறார் இவர் என்று கேட்பது மைக்கில் விழுகிறது. போச்சு, கெடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போது முதல் வரிசையில் ஒரு சிரிப்பு வெடிக்கிறது, ஜமீலாதான், "அடிப்பாவி, ரெண்டும் எடதா!" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அவளுக்குப் பின்னால் எங்கள் பட்டறை ஆட்கள், அவர்களுக்கும் பின்னால் அந்தப் பிள்ளைகள், இந்த மாசம்தான் முதல் தடவையாக இரண்டு இடது கை வெட்டித் திட்டு வாங்கிய பிள்ளைகள், பெஞ்சைத் தட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். கடைசியாகத்தான் ஜோயலுக்குப் புரிகிறது, அத்தை மாதிரியே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் ஓட ஓட, மைக் வாய்க்கு நேராக இருப்பதுகூட ஞாபகமில்லாமல்.